வெள்ளிக்கிழமைச் சீடி

வெள்ளிக்கிழமை வந்தால் செல்லசாமி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு சீடியை ஸ்வெட்டருக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். செத்த கம்பியூட்டரைத் திருநீறு போட்டு எழுப்புகிற பூசை அது என்று கந்தப்பளை பஸ் தரிப்பிடத்தில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு இறம்பொடை போய்ச் சேர்வதற்குள் அதில் ஒரு கறுப்புக் கோழியும் சேர்ந்திருந்தது. கோழிக்காகவாவது ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

கோழி இல்லை. ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், காது மறையப் பழுப்புக் கம்பளித் தொப்பி போட்ட செல்லசாமி, கடை அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகைக்கும் கருமாதிக் கார்டுக்கும் ஒரே பூ ஓரத்தைப் போட்டுக் கொடுப்பார். தொப்பியைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவதாக அவர் சொல்கிறார். "அதுவும் சந்தேகந்தாங்க" என்கிறார் மனைவி காளியாயி.

கக்கத்தில் ஏன் சீடி என்று கேட்டேன்.

"பனிங்க சேர். குளிர்ல அது மேல ஈரம் பூத்துக்கும். மெசின் படிக்காது. கொஞ்சம் சூடு காட்டணும்."

கந்தப்பளையில் விண்டோஸ் இல்லாத கம்பியூட்டர் இவருடையது ஒன்றாகத்தான் இருக்கும். லினக்ஸ் போட்டிருக்கிறார். "ஃப்ளொப்பி கொண்டார ஒவ்வொருத்தரும் கூடவே வைரஸயும் கொண்டாந்தாங்க. ஆள மாத்த முடியுமா? மெசின மாத்திட்டேன்." வாரம் ஒருமுறை கம்பியூட்டரில் உள்ள எல்லாவற்றையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரம் படாமல் அரிசிக்குள் புதைத்து வைக்கிறார். நகல் இருக்கும்போது சீடி எதற்கு?

"நகல் சோறுங்க. மெசின் செத்துப்போச்சுன்னா சோறு இருந்து என்ன செய்ய, திங்க வாய் வேணுமில்ல? இந்த சீடிதான் வாய். இதப் போட்டா மெசின் எந்திரிக்கும். எந்திரிச்சா நகல எடுத்து உள்ள தள்ளிரலாம்."

அந்த வாயைச் செய்வதற்குள் பல சீடிகள் வீணாயின. இணையத்தில் கிடைத்த கோப்பைச் சீடியில் அப்படியே நகலெடுத்து வைத்தார், கம்பியூட்டர் அசையவில்லை. எழுப்பும் சீடியை எழுதும் முறையே வேறு என்று தெரிவதற்குள் வீணானவையெல்லாம் பக்கத்து லீக்ஸ் பாத்தியில் தொங்கிக் குருவி விரட்டிக்கொண்டிருந்தன. கம்பியூட்டரை எழுப்பிய ஒன்றைத் தூசி படாத இடமாகப் பார்த்துச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காளியாயி பார்த்தார். சரஸ்வதி பூசையன்று மொனிட்டர், பிரிண்டர், கத்தரிக்கோல் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தவர், சீடிக்கும் வைத்தார்.

"ஒரு பக்கம் இவுரு பேனாவால எழுதி வச்சிருந்தாரு. எழுத்து மறஞ்சா ஏசுவாரேன்னு பளபளன்னு இருந்த பக்கமாப் பாத்து வச்சேன்."

கம்பியூட்டர் படிக்கிற பக்கம் அது.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கியது. நோட்டீசில் யார் பெயர் முதலில் என்பதில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் வருடாவருடம் தகராறு. இந்த வருடம் நாற்காலிகள் உடைந்த பிறகுதான் ஒரு வரிசைக்கு உடன்பட்டார்கள். தாளில் பார்த்தால் மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று செல்லசாமி அதை அச்செடுக்கவே இல்லை. நகல் மட்டும் எடுத்தார். மறுநாள் கம்பியூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்தது. வரிசையை ஞாபகத்திலிருந்து அடித்து ஒரு பெயர் மாறினாலும் எந்தப் பிரிவிலும் கால் வைக்க முடியாது, கடையும் இருக்காது.

நுவரெலியாவில் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டிவிட்டு, ஆணியிலிருந்து சீடியை எடுத்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். கீறல் விழுந்தது. போட்டார், கம்பியூட்டர் எழும்பவில்லை. கடைசியில் வெள்ளைப் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தேய்க்கத் தொடங்கினார். கையில் வெள்ளை, சீடியில் மிச்சக் குங்குமம். நோட்டீஸ் கேட்டு வந்த த்ரீவீல் ஓட்டும் ஜீவராஜ் ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டியது அப்போதுதான். அவர் கண் முன்னாலேயே திரையில் எழுத்து ஓடியது; கம்பியூட்டர் எழுந்துவிட்டது.

நோட்டீஸ் வந்தது, சண்டை வரவில்லை. அதற்குப் பிறகுதான் செல்லசாமிக்கு இந்த வெள்ளிக்கிழமைப் பழக்கம்: சீடியைப் போட்டு, எழும்புகிறதா என்று பார்த்துவிடுவது. ஜீவராஜ் போய்ச் சொன்னதைக் கேட்ட ஊருக்கு அது பூசை. போன வாரம் ஒருவர் கெட்டுப்போன அயன் பொக்ஸ் கொண்டுவந்து, "நீங்க கை வச்சாப் போதும்" என்றாராம்.

"சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. பல்பொடி" என்றார் செல்லசாமி, அழுத்தமாக.

"அப்ப அந்தத் தேங்கா எதுக்காம்?" என்றார் காளியாயி.

பிரிண்டருக்குப் பக்கத்தில் குடுமியோடு ஒரு தேங்காய் இருந்தது. பல்பொடி தேய்க்கும்போது, எழும்பினால் எதிரிலிருக்கிற பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய் என்று வேண்டியிருக்கிறார். பிள்ளையார் இருப்பது த்ரீவீல் தரிப்பிடத்தில். அங்கே போய் உடைத்தால் ஜீவராஜ் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும்.

"ஒடைப்போம், ஒடைப்போம். அவென் சவாரி போகட்டும்."

"திருவிழாலருந்து அவென் சவாரியே போகலயா?"

செல்லசாமி கக்கத்திலிருந்த சீடியை எடுத்துப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஷட்டருக்குக் கீழே ஒரு தலை தெரிந்தது.

"என்னண்ணே, பூசை முடிஞ்சிருச்சா?"

செல்லசாமி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தேங்காய்க்குப் போட்டு, காது வரை இழுத்துவிட்டார்.