ஏழு தண்ணிக்காரர்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடிக் கோடியில் ஒரு கழுவும் அறை உண்டு. இரண்டு தொட்டி, கண்ணாடியை உலர்த்தும் சூட்டடுப்பு ஒன்று, சுவர் நெடுகத் தலைகீழாகக் கவிழ்த்த குடுவைகள். இருபத்தாறு வருஷமாக அந்த அறைக்கு ராஜா ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஊழியர் வாயில் இருந்தது ‘ஏழு தண்ணி’.

சோப்புப் போட்டுத் தேய்த்த குடுவையை அவர் ஏழு முறை அலசுவார். குழாய்த் தண்ணீரில் மூன்று, காய்ச்சி வடித்ததில் மூன்று, கடைசியாக உப்பின் வாசனைகூட இல்லாத சுத்தத் தண்ணீரில் ஒன்று. ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது.

“நாங்க சாப்பிடுற தட்டுக்கே ரெண்டு தண்ணிதான், உங்களுக்கு எதுக்குண்ணா ஏழு?” என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் சீண்டிப் பார்ப்பார்கள்.

“உங்க வயிறு எதையும் தாங்கும். உள்ள பெட்டியில வளருதே, அது தாங்காது” என்பார். செல்களைத்தான் சொல்கிறார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் கண்ணாடி விஷயத்தில் பேராசிரியரே அவரிடம் வாயைத் திறக்க மாட்டார். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். சோப்பு அப்படியல்ல, பெரிய கள்ளன். சோப்பு ஒட்டியிருக்கும் குடுவை சுத்தமான குடுவைக்குச் சமமாக மின்னும். ஆகையால் கண்ணை நம்பக் கூடாது, எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி.

அதே மாடியில் தங்கத்தோடு மல்லுக்கட்டிய ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் ‘தங்கம்’ என்றே கூப்பிட்டார்கள். தங்கத்தைத் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்காகத் துகளாக்கி, அதன்மேல் மருந்து பூசி, தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல் விடுவது அவள் வேலை. துகள் கலந்த திரவம் நல்ல சிவப்பாக, பார்க்க ஆசையாக இருக்கும். மூன்று வருஷம் விட்டுப் பார்த்தாள். செல்கள் அதைக் குடித்து ஏப்பம் விட்டு, இன்னும் இரண்டு மடங்காகப் பெருகின. பேராசிரியர் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக்கூட நிறுத்தியிருந்தார்.

அந்த வருஷம்தான் ஏழு தண்ணியின் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆறு வாரக் கதிர் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள், மாலை நான்கு மணிக்கு. பிள்ளை குட்டி இல்லாத வீடு, கூட்டிப்போக அவரை விட்டால் ஆளில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இன்னொரு பஸ் ஏற வேண்டும்.

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினார். காலையில் வரும் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு மேல் தொட்டிக்கு வருவதுதான் அடிபட்டது. முதல் நாள் ஆறு தண்ணீரோடு நிறுத்தினார், நெஞ்சு உறுத்தியது. மறுநாள் ஐந்து, உறுத்தல் கொஞ்சம் குறைந்தது. இரண்டாம் வாரத்தில் இரண்டே தண்ணீரில் கவிழ்த்துவிட்டு ஓடினார். தலைமாட்டில் நிற்கும் கவலை, தொட்டியடியில் நிற்க விடுமா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கியது யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் குடுவைகள் பளபளவென்றுதான் இருந்தன. மதியத்துக்கு மேல் வருவது முக்கால்வாசி தங்கத்தின் குடுவைகள்.

அந்த இரண்டாம் வாரத்தில் செல்கள் சாகத் தொடங்கின.

தங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுக்கு எண்பது. மறுபடி செய்தாள், எழுபத்தொன்பது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த தட்டில் துகளில்லாத ஊட்டத் திரவம் மட்டும் விட்டிருந்தாள், அதில் ஒரு செல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திரவம் பிளாஸ்டிக் புட்டியிலிருந்து நேராக வந்தது, கண்ணாடியைத் தொட்டதே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷம் மூடியிருந்த கதவு திறக்கும்போது கீலில் யார் எண்ணெய் விட்டார்கள் என்று எவர் கேட்பார்? நல்ல செல்கள்மேல் சோதிப்பது அடுத்த கட்டம் என்று வைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் அவளை மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஏழு தண்ணி அன்றே விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“நிஜமாவா?”

“நான் என்னைக்கு உங்கிட்டப் பொய் சொல்லியிருக்கேன்?”

அது சத்தியமான வார்த்தை. பொய் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. சொன்னால் காது சிவந்துவிடும், அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அன்றிலிருந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும். “இன்னைக்கு எத்தனை போச்சு?”

“நூத்துக்கு எண்பத்தி ரெண்டு.”

“மீதி பதினெட்டும் என்ன பண்ணுது, வேடிக்கை பாக்குதா?” என்பாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டு, “கேட்டுக்கிட்டியா? உனக்கும் நாள் குறிச்சாச்சு” என்பாள். சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் சூப்பை முழுசாகக் குடிப்பாள். “மனுஷங்களுக்குப் போட்டுப் பாக்கறப்ப முதல் ஆளா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. பயந்தவங்க எல்லாம் பின்னால நிக்கட்டும்.”

ஆறு வாரம் முடிந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கை விரித்துவிட்டார். அவளுடைய தங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள், அக்காவைக் கவனித்துக்கொள்ள. ஏழு தண்ணிக்கு ஓட்டம் நின்றது. மதியக் குடுவைகளுக்கும் ஏழு தண்ணீர் கிடைத்தது.

செல்கள் சாவதை நிறுத்தின.

தங்கம் துகளை மாற்றினாள், செல்லை மாற்றினாள், பெட்டியின் சூட்டை அளந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. “நான் முன்னாடி காட்டுன எண்ணெல்லாம் நானே எழுதிக்கிட்டதுன்னு நினைக்கறாங்கண்ணா” என்று குடுவை எடுக்க வந்தவள் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

ஏழு தண்ணிக்கு அந்த வினாடியே விளங்கிவிட்டது. அவர் கையில் ஒரு குடுவை இருந்தது, ஐந்தாவது தண்ணீர் அதில். எந்த வாரம் செத்தது, எந்த வாரம் நின்றது என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தங்கத்தில் மருந்து இல்லை என்று ஆகும். மருத்துவர் கை விரித்த வீட்டில் அதைத் தவிர வேறு என்ன இருந்தது? வாயை மூடிக்கொண்டு ஆறாவதை ஊற்றினார்.

வீட்டில் கேள்வி நிற்கவில்லை. “எத்தனை போச்சு?”

“இன்னைக்கு ஒண்ணும் போகல.”

மறுநாளும் ஒன்றும் போகவில்லை. அதற்கு மறுநாளும். அவள் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். “மாமா, ஒரு வாய்கூட இறங்கல” என்று தங்கை சமையலறையில் வைத்துச் சொன்னாள். பத்து நாள் அப்படியே போயிற்று. மணிக்கட்டு குச்சியாகிவிட்டது.

பதினோராம் நாள் ஒரு புதன்கிழமை. தங்கத்தின் மூன்று குடுவைகளை இரண்டே தண்ணீரில் கவிழ்த்து வைத்தார் அவர். இந்த முறை பஸ் இல்லை, அவசரம் இல்லை. தெரிந்தே செய்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் எண்ணையே மெய்யாக்கப் பார்த்தார். திருட்டிலும் ஒழுங்கு பார்க்கிறவன் படுகிற பாடு இது.

வெள்ளிக்கிழமை தங்கம் ஓடி வந்து அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுபத்தெட்டு, அண்ணா. திரும்பி வந்துடுச்சு. சார் கட்டுரையை அனுப்பப் போறார்.” அழுதாள். அவருக்கும் கண்ணில் நீர் வந்தது. அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சனி ஞாயிறு போல அந்த வீடு வேறு ஒரு சனி ஞாயிற்றைக் கண்டதில்லை. எண்ணைக் கேட்ட மனைவி தலை வாரச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போக நல்ல துணியை எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். “பாவம் அந்தப் பொண்ணு, எனக்காக எவ்வளவு கஷ்டப்படுது. சரியானதும் நானே போய்ப் பாக்கணும்” என்றாள். தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு தண்ணி வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் கஷ்டப்படுவது நிஜம், பொய்யான ஒன்றுக்காக அவர் அவளைக் கஷ்டப்பட வைத்திருப்பதும் நிஜம். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை தங்கத்தின் மேசை முன்னால் போய் நின்றார்.

“தங்கத்துல ஒண்ணும் இல்லம்மா. சோப்பு.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார், புதன்கிழமை வேண்டுமென்றே செய்ததையும் சேர்த்து. எத்தனை தண்ணீர் என்பதைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், ஏன் என்பதைச் சொல்லவில்லை. அவள் கத்தவில்லை. இரண்டு தண்ணீர் மட்டும் கண்ட குடுவை ஒன்றைத் தயார் செய்யச் சொன்னாள். அதில் வெறும் ஊட்டத் திரவத்தை ஊற்றி, துளித் தங்கமும் சேர்க்காமல், செல்கள்மேல் விட்டாள். புதன்கிழமை எண்ணினாள்.

“எண்பத்தொண்ணு” என்றாள். பிறகு, “எனக்குப் பட்டம் கொடுத்தா சோப்புல கொடுக்கணும்” என்றாள். அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. அதன் பிறகு தன் குடுவைகளை அவளே வேறொரு தொட்டியில் கழுவிக்கொண்டாள். அவர் இருந்த பக்கம் வரவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். மறைக்கப் பார்த்தால் காது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நேராகச் சொன்னார். மருந்து இல்லை. செல்களைக் கொன்றது அவர் சரியாக அலசாமல் விட்ட சோப்பு.

அழுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

“ஏன் அலசல? நாலு மணிக்கு என்னைக் கூட்டிப்போக வந்தீங்களே, அதனாலயா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தைத் தன் வயிற்றுக் கட்டி தின்றுவிட்டதா என்று அவள் கேட்கிறாள்.

“சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. சோம்பேறித்தனம். வயசாகுதுல்ல, கை வலிக்குதுன்னு விட்டுட்டேன்.”

“நீங்களா? சோம்பேறியா?”

“ஆமா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அறையில் விளக்குப் போட்டிருக்கவில்லை. காதின் நிறம் தெரிந்திருக்காது. பிறகு, “அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?” என்றாள். “கேட்டேன்” என்றார். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை, அன்றும் சரி, அடுத்த நாட்களிலும் சரி.

அடுத்த வாரம் பேராசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டார். தாளோடு உட்கார்ந்திருந்தபோது தங்கம் கழுவும் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கையில் அவளுடைய குறிப்பேடு.

“செத்த தேதி எல்லாம் பாத்தேண்ணா. உங்க விடுப்புச் சீட்டையும் பாத்தேன். கதிர் சிகிச்சைக்கு சீக்கிரம் போன வாரங்கள். அத எழுதுங்க. எழுதினா யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கே இப்ப சொல்ல முடியல.”

“வேண்டாம்மா. காகிதத்துல அவ வரக் கூடாது. வந்தா குத்தம் அவ மேல ஏறிடும்.”

அவர் எழுதியது ஒரே வரி. ‘என் சோம்பலால் சரியாக அலசவில்லை.’ அது அவருடைய கோப்பில் போய் உட்கார்ந்தது. இனிக் கண்ணாடியைத் தொடக் கூடாது என்று சொல்லி, கீழ்த்தளப் பொருள் அறைக்கு மாற்றினார்கள். கையுறைப் பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலை. மேலே போகும்போது யாராவது பழக்கதோஷத்தில் ‘ஏழு தண்ணி’ என்று கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொள்வார்கள். அவர் காதில் விழாதது போலப் பெட்டியை எண்ணுவார்.

ஐந்தாவது வாரம் மனைவி போய்விட்டாள். காரியங்கள் முடிந்து தங்கையும் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கம் வீட்டுக்கு வந்தாள். புதிதாக ஆரம்பித்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள், பழைய மூன்று வருஷத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நடந்ததை நடந்தபடி அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பேராசிரியரும் சம்மதித்துவிட்டாராம். இதைக் கோப்பில் வைத்தால் அவர் மறுபடி கழுவும் அறைக்கு வரலாம்.

“அக்கா இப்ப இல்ல. இனிமே யாருக்கு மறைக்கணும், அண்ணா?”

அவர் தாளை முழுசாகப் படித்தார். தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“சோம்பேறித்தனம்னுதான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். இத மாத்துனா நான் அவகிட்டப் பொய் சொன்னவனாயிடுவேன்மா.”