பதினாறாம் நாள் அண்ணன் சொன்னது

என் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இந்த வாக்கியத்தை இப்போது நான் தடுமாறாமல் சொல்கிறேன். அண்ணன், அக்காவான நான், கடைக்குட்டித் தங்கை, மூன்று பேரும் சேர்ந்துதான் இதைச் சொல்லப் பழகினோம்.

அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். சாலைக் கடைத்தெருவில் அப்பா நடத்திய பாத்திரக்கடை அண்ணனிடம் இருக்கிறது. தங்கைக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. தம்பி டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியாராக இருந்தான். புளிசேரிக்கும் மோர்க்குழம்புக்கும் என்ன வித்தியாசம் என்று சாப்பாடு ஆறும்வரை வாதாடுவான். பிறகு இரண்டையும் ஊற்றிச் சாப்பிடுவான். அவனுக்குச் சில வருஷங்களாக மனச்சோர்வு நோய் இருந்தது. டாக்டரைப் பார்த்தான், மாத்திரை சாப்பிட்டான், பல மாதங்கள் நன்றாகவும் இருந்தான். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவனை இழந்தோம்.

அவன் போன அன்று காலை திருநெல்வேலியிலிருந்து அத்தை போன் செய்தாள். "ஹார்ட் அட்டாக், அத்தே" என்று அண்ணன் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. மறுத்துப் பேச எங்களுக்கும் தெம்பில்லை. போலீஸ் வந்துபோனதைத் தெருவே பார்த்திருந்தது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அத்தை துக்கத்துக்கு வந்து எங்களோடு தங்கிவிட்டாள். "நம்ம குடும்பத்துல நெஞ்சுவலி உண்டும்லா. மூணு பேரும் போய் ஈ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்று தினமும் நச்சரித்தாள். அவள் நிம்மதிக்காக அண்ணன் போய் எடுத்தும் வந்தான். கோளாறு ஒன்றுமில்லை என்று கேட்டதும் அவள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தங்கை விருட்டென்று எழுந்து அடுக்களைக்குப் போனாள். அண்ணனும் நானும் பின்னாலேயே போனோம்.

"என்னால முடியலண்ணே, கேட்டியா" என்றாள். "ஆபீஸ்ல, ஃப்ளாட்ல, அவனப் பத்தி எங்க பேச்செடுத்தாலும் கடைசியில ஹார்ட் அட்டாக்ல வந்து நிக்குது. அவனுக்குச் சுகமில்லாம இருந்ததச் சொல்ல முடியல. அதோட மல்லுக்கட்டி இத்தன வருஷம் நின்னானே, அதயும் சொல்ல முடியல."

"சொன்னா ஆளுக என்ன சொல்லுவாங்க? உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல" என்றான் அண்ணன்.

"அதக் கேட்டு வேண்டாம்னு போறவன் போட்டும். எனக்கும் அவன் வேண்டாம்."

அண்ணன் சிரித்துவிட்டான். தம்பி போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்தபடியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய உடம்பு அவனுக்கு. நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தது. சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். தம்பிக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. மனசுக்குச் சுகமில்லாம மருந்து சாப்பிட்டுட்டு இருந்தான். அவனேதான் உயிர மாய்ச்சுக்கிட்டான். எங்க தம்பிய மறைச்சு வைக்க எங்களுக்கு இஷ்டமில்ல."

அத்தை கொதித்துப்போனாள். "மானம் மரியாத வேண்டாமாலே? கட்டிக்குடுக்காத பொம்பளப்புள்ள ஒண்ணு வீட்டுல இருக்கு!" என்றாள். சிலர் எழுந்து கிளம்பினார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் வழக்கம். அதனால் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் வழக்கப்படி போனார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அத்தை போகவில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ள ரொம்பக் கஷ்டப்பட்டானாட்டி?"

"ஆமா அத்தே."

அதன் பிறகு அவனைப் பற்றிப் பேச முடிந்தது. படுக்கையை விட்டு அவன் எழுந்திருக்காத வாரங்கள், எழுந்து ஷேவ் செய்துகொண்டு டியூஷனுக்குப் போன காலைகள், அவனுடைய அறுவை ஜோக்குகள், எல்லாவற்றையும் சொன்னோம். அத்தை நடுநடுவே சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள்.

ஏன் போனான், என்ன செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற கேள்விகள் வரத்தான் செய்கின்றன. யாருக்கு வருகிறதோ அவர் மற்ற இருவரில் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் தங்கைதான் கூப்பிடுவாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவேன். அவள் ஓயும்வரை போனை வைக்காமல் இருப்பேன். அது போதும் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கு வந்து கேட்பவர்களிடம் அண்ணன் இப்போது நேராகவே சொல்கிறான். போன மாதம் மதிய நேரத்தில் எதிர்க்கடைக்காரர் ஆள் இல்லாத சமயம் பார்த்து வந்து, "அண்ணாச்சி, வீட்டுக்காரி கொஞ்ச நாளா உறங்குறதில்ல, ஆருகிட்டயும் மிண்டுறதுமில்ல, பேச்சே நின்னுபோச்சு. நீங்க தம்பிய எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாராம். அண்ணன் உடனே ஷட்டரை இறக்கிவிட்டு அவரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு போன் செய்தான்.

"இப்பதான் உள்ள போயிருக்காங்க. இருந்து கூட்டிட்டுதான் வருவேன். கட அதுபாட்டுக்கு பூட்டிக் கெடக்கட்டும்."