சீனு அனுப்பிய மண்

பொன்னிக்குச் சம்பளம் குளிப்பாட்டவும் துணி மாற்றவும்தான். ஆனால் கல்பாக்கம் சாலையோரத்து அந்த முதியோர் இல்லத்துக்குக் குருக்கள் வெள்ளிக்கிழமை வருவார், பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வருவார். நடுவில் யாருக்காவது சாமி தேவைப்பட்டால் பொன்னிதான். ஒரு கட்டிலில் திருநீறு பூசிவிட்டு, அடுத்த கட்டிலில் பாஸ்டர் மாதிரியே குரலை உயர்த்துவாள்: "ஆண்டவரேஏஏ, இந்தச் சகோதரியின் முழங்காலைப் பாரும்!"

"அடிப்பாவி, பாஸ்டரு தோத்தாரு போ!" என்று பொக்கை வாய்கள் சிரிக்கும். சிரித்து முடித்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்போது அவளும் நிஜமாகவே வேண்டிக்கொள்வாள்.

2003 ஐப்பசியில் அங்கிருந்த செங்கல்வராயனுக்குச் சோறு இறங்காமல் போனது. கருங்குழியில் அடுத்தவர் நிலத்தில் ஆயுசுக்கும் உழைத்து, ஒரே மகன் சீனுவைக் கல்பாக்கத்து அணுமின் நிலைய உத்தியோகம் வரை படிக்கவைத்தவர். டாக்டர் கைவிட்டும் உயிர் பிரியவில்லை. விரல்கள் மட்டும் போர்வைமேல் எதையோ பிசைந்துகொண்டே இருந்தன.

மண்ணாசை என்று பொன்னி முடிவுகட்டினாள். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் சொந்த ஊர் மண்ணைக் கரைத்து ஊற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். சீனுவுக்குப் போன் போட்டாள்.

"சார், ஐயா கை மண்ணத்தான் தேடுது. ஊரு மண்ணு கொஞ்சம் குட்த்தனுப்புங்க. நிம்மதியா போயிடுவாரு."

"ஓகேம்மா, ஓகே. ஏற்பாடு பண்றேன்."

திங்கட்கிழமை காலை அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ் இல்லத்து கேட்டருகே நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"யக்கா, சீனு சார் குட்த்தாரு. நேத்து அவரே போயி தோண்டிக்கினு வந்தாராம்."

பொன்னி ஒரு சிட்டிகை கரைத்து, வடிகட்டி, ஸ்பூனோடு உட்கார்ந்தாள்.

"நைனா, உங்க ஊரு மண்ணு. வாயத் தொற."

"அது எனக்கின்னாத்துக்கு? அடுத்தவன் நெலம்."

"பின்ன கையில இன்னா பெசஞ்சிக்கினே கீற?"

"சோறு. புள்ளைக்கு."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"யாரு கொண்டாந்தது?"

"சீனு சாருதான் தோண்டி…"

கிழவர் வாசலைப் பார்த்தார். "வந்துகீறானா?"

ஊரிலுள்ள குரலெல்லாம் பேசுகிறவளுக்குத் தன் குரல் வரவில்லை. "பஸ்ல குட்த்தனுப்புனாரு, நைனா."

கிழவர் பார்வையை ஸ்பூனுக்குத் திருப்பினார். "அவன் கையால தோண்டுனதா?"

"ஆமா."

"அப்ப ஊத்து."

சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். சாயங்காலம் விரல்கள் ஓய்ந்தன, மூச்சும்.

அவள் போனில் சொன்னதும் சீனு முதலில் கேட்டது, "மண்ணு குடிச்சாராம்மா?"

"குடிச்சாரு சார்."

"வேற ஏதாவது கேட்டாரா?"

"உங்களத்தான் கேட்டாரு."



"மண்ணுன்னுதானே சொன்னீங்க? என்னை வரச் சொல்லலியேம்மா…" குரல் உடைந்தது. "நேத்து கருங்குழிக்கு உங்க கேட்டைத் தாண்டித்தான் போனேன். வரும்போதும் தாண்டித்தான் வந்தேன்."

பொன்னி போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.