அணிலும் மொட்டைக் கத்தியும்

தீயணைப்பு நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நசுங்கிய காரின் எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'அணில்'. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எட்டு வருடம் நாடா அறுத்தவள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தேர்வெழுதி மீட்புப் பிரிவில் சேர்ந்தாள்.

முதல் வருடத்திலேயே ஒரு சறுக்கல். விபத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரின் சீட் பெல்ட்டை அறுக்கும்போது, கத்தியின் கூர்முனை அவர் தோளில் இறங்கிவிட்டது. நாலு தையல். "உயிரக் காப்பாத்தியிருக்கீங்க, இது ஒரு விஷயமாம்மா?" என்று அவர் சிரித்தார். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, முனையில்லாத கத்தி ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு பக்கம் நல்ல கூர். நுனி மட்டும் உளி போலத் தட்டை, ஆனால் மழுங்கல். நெம்பலாம், குத்தாது.

"இது கத்தியா, ரொட்டியில வெண்ணெய் தடவுறதா?" என்றார் நிலைய அதிகாரி.

"தடவிக் காட்டட்டுமா சார்?"

ஒரு நாள் காலை, ஓட்டுநர் பயிற்சிக் கார் ஒன்று சாலையோரப் பள்ளத்தில் தலைகுப்புறக் கிடப்பதாகத் தகவல் வந்தது. அணில் மண்டியிட்டு உள்ளே பார்த்தாள். இரண்டு பேர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொந்தியும் தொப்பையுமான பயிற்சியாளர். ஸ்டியரிங் பக்கம் அவருடைய மாமியார்.

"பிரேக்க மிதிங்கன்னுதானே அத்தை சொன்னேன்!"

"உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குல்ல மாப்பிள்ளை? நீங்க ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தீங்க!"

சண்டை போடத் தெம்பு இருக்கிறது என்றதும் அணிலுக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் பெட்ரோல் நெடி அடித்தது. கார் அசையாதபடி மற்றவர்கள் மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க, அவள் உடைந்த பின் கண்ணாடி வழியாக உள்ளே ஊர்ந்தாள். மாமியாரைத் தோளில் தாங்கி, பெல்ட்டை அறுத்து வெளியே அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பயிற்சியாளரிடம்தான் சிக்கல். பெல்ட் தொப்பைக்குள் புதைந்து கிடந்தது. கத்தியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயோ, குத்திடும்மா!"

"கண்ணத் தொறந்து பாருங்க சார். இதால குத்தணும்னு நெனச்சாலும் முடியாது. மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்மா. இதுதான் இழுத்தது!"

பக்கத்து ஜன்னல் வழியாக நுழைந்து கீழிருந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்த சக ஊழியர் சிரித்ததில் கார் குலுங்கியது. அணில் தட்டை நுனியைத் தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மெல்லச் செருகினாள். நெம்பியதும் அரை விரல் இடைவெளி கிடைத்தது. கத்தியின் கூர்ப்பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பி ஒரே இழுப்பு.

வெளியே கொண்டுவந்ததும் முதல் வேலையாக அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பிறகுதான் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த மாதமே அதே மாதிரி ஆறு கத்திகளுக்கு அதிகாரி எழுதிப் போட்டார். மாமியார் வேறு பயிற்சிப் பள்ளிக்கு மாறி, மூன்றாவது தடவையில் உரிமம் வாங்கினார். வாங்கிய கையோடு காரை ஓட்டிக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். பக்கத்தில் மாப்பிள்ளை, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றியபடி.

"ஏறும்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!"

எந்தக் காருக்குள்ளும் தயங்காமல் நுழைகிற அணில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.