தள்ள ஆள் வேண்டாம்

ஒரு காரைத் தள்ளிவிட்டவனுக்கு, அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இலஞ்சியில் எங்கள் தெருவில் அது உண்டு. ஒரு சாரல் காலம் முழுக்க அந்த உரிமையோடு மல்லுக்கட்டினேன்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு அவருடைய பழைய கார் வாசலில் தூசி பிடித்துக் கிடந்தது. வண்டியை என் பேருக்கு மாற்றிக்கொண்டு, தென்காசி டிரைவிங் ஸ்கூலில் மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து ஓட்டப் பழகினேன். அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. கூட்டம் சேருமுன் பழைய குற்றாலத்தில் ஒரு குளியல், செங்கோட்டை தாண்டிக் கேரளா பக்கம் போய்ப் பால் விடாத ஒரு கட்டஞ்சாயா. ஐம்பது வயதில், முதன்முதலாக, ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு இடத்துக்குப் போய் வந்தேன். எனக்கு அது ருசித்துவிட்டது.

ஆடி பிறந்த சமயத்தில் ஒரு காலை, சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் என் கொழுந்தனார் இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். உத்தரவு போடும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எதிர்த்த டீக்கடை அண்ணாச்சியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்து தள்ளினார். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலில் குனிந்து, "எங்க போறிய மதினி?" என்றார்.

தள்ளிவிட்டவராயிற்றே, சொன்னேன். மறுநாள் அண்ணாச்சி கேட்டார், அவருக்கும் சொன்னேன். அதற்கடுத்த நாள் டீ குடிக்க வந்தவர்களும் ஒரு கை கொடுத்தார்கள். போன இடத்தில் சரிவு பார்த்து நிறுத்தி நானே உருட்டிக் கிளப்பிக்கொள்வேன், எங்கள் தெருவில்தான் சரிவே இல்லை. "நேத்து செங்கோட்டைக்குப் போனியளாமே, அங்க யாரு இருக்கா?" என்று தெருவே கேட்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல், கோயிலுக்கு என்று பொய் சொன்னேன். பண்பொழி முருகனை அந்த மாதம் நான் கும்பிட்டதாகச் சொன்ன கணக்குக்கு, அங்கே பூசை செய்கிறவர்கூடக் கும்பிட்டிருக்க மாட்டார்.

பேட்டரி போய்விட்டது என்றார் கொழுந்தனார். அவர் பேச்சைக் கேட்டுப் புது பேட்டரி போட்டேன். அப்போதும் 'டக்'.

"வண்டிக்கு வயசாயிட்டு மதினி. ஞாயித்துக்கெழம ஒரு ஆள் பாக்க வாரான். கேட்ட வெலைக்குத் தள்ளிருவோம். ஒங்களுக்கு எங்கயும் போணும்னா சொல்லுங்க, நான் பைக்ல கொண்டு விடுதேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டி போனால், இனி அருவிக்குப் போவதற்கும் அவர் பைக்கின் பின்னால்தான் உட்கார வேண்டும். அதற்கு நான் வீட்டிலேயே கிடக்கலாம்.

அன்று சாயங்காலமே பானெட்டைத் திறந்தேன். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மிக்சியைப் பற்றித் தெரியும். கார்பன் தேய்ந்த மிக்சி சுவிட்சைப் போட்டால் சும்மா கிடக்கும், பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். எங்கள் மிக்சிக்கு நானே எத்தனையோ தடவை கார்பன் மாற்றியிருக்கிறேன். காரின் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினேன். 'டக்' என்றது, வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியானால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் வாங்கிக்கொள்ளவில்லை. அது எங்கே இருக்கிறது என்று செல்போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன்.

தட்டுவதற்கு நான் இருக்கிறேன், சாவியைத் திருக ஆள் வேண்டுமே. என்னோடு இருக்கும் மாமியாரைக் கூப்பிட்டேன்.

"நான் ஏறுனா சின்ன மவன் வைவான்ட்டி."

"வஞ்சா என்னைய வையட்டும். ஏறுங்க அத்தை."

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்பேனரின் பின்புறத்தால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டி, "இப்பத் திருகுங்க" என்றேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. "ஏட்டி, நாந்தான் ஓட்டுதேன்!" என்று அத்தை கத்திய சத்தம் டீக்கடை வரை கேட்டிருக்கும். அணைத்துவிட்டு மறுபடி திருகச் சொன்னேன். 'டக்'. மோட்டார்தான் உள்ளே கெட்டுவிட்டது, சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மிக்சியில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குவது போல, பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றிவிட்டேன். மேல் போல்ட் வந்துவிட்டது. கீழ் போல்ட் துருவேறி அசையவே இல்லை. கொழுந்தனார் குடையோடு வந்து நின்றார்.

"மெக்கானிக்க வரச் சொல்லுதேன், விடுங்க மதினி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். கொடைய எனக்குப் பிடிக்கதுன்னா நில்லுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க தம்பி."

போய்விட்டார். எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி மிதித்தேன். போல்ட்டும் வந்தது, விரல் முட்டியில் தோலும் வந்தது. கழற்றிய மோட்டாரைக் கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு மினிபஸ்ஸில் தென்காசி போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்ல ஆம்பள ஆள் யாரும் இல்லியாம்மா?"

"நான் வண்டிக்குத்தான் மோட்டார் கேட்டேன் அண்ணாச்சி."

எடுத்துக் கொடுத்தார். அதே மாதிரிப் புதுசு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாட்டி முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, வாங்க வந்த ஆளின் கண்ணெதிரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒரே திருகு. பார்த்தாயா என்பது போலக் கொழுந்தனாரைப் பார்த்தால், அவர் முகம் என்னைவிட மலர்ந்திருக்கிறது.

"சூப்பர் மதினி! இனி நல்ல வெலைக்கே போவும். இப்பமே பேசி முடிச்சிருவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டுப்போனது வண்டி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! ஓடாவிட்டால் ஓடவில்லை என்று விற்பார்கள், ஓடினால் ஓடுகிறது என்று விற்பார்கள்.

"வண்டிய விக்கல" என்றேன். "இன்னைக்கும் விக்கல, என்னைக்கும் விக்கல. இது எம்பேர்ல இருக்கு, நான் ஓட்டுத வண்டி." வந்த ஆள் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

கொழுந்தனார் கதவைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எங்க போறிய?"

வாசலிலிருந்து அத்தை சத்தம் போட்டார். "ஏலே, கெளம்புதவள எங்கன்னு கேக்கலாமால? போற காரியம் வெளங்குமா? தூரமான்னு கேளு!"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"தூரமா மதினி?"

"ரொம்பத் தூரம்" என்றேன்.

அன்றைக்கு நான் போனது, பக்கத்தில் இலத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கு வரைதான். அதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.