வேகமாக விழுந்த பழங்கள்

கயானி நகரில் என்னோடு பேருந்து ஓட்டிய தார்மோ கெட்டவன் இல்லை. வாய்தான் பொல்லாதது. அந்த வாயால் அவன் பட்டதைச் சொல்கிறேன்.

அவன் மனைவி சிர்க்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தொய்ந்துபோனது. கைக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் முதல் சில மாதங்களில் தேறலாம், அப்புறம் கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சதுப்பு நிலத்தில் விளையும் ஹில்லா என்ற மஞ்சள் காட்டுப்பழம் பறிப்பதில் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. தான் பறிக்கும் இடத்தைக் கூடப்பிறந்த தங்கையிடமே சொல்லமாட்டாள். ஆகவே பழம் பிடிக்கும் கணினி விளையாட்டு ஒன்றைத் தானே செய்து தருவதென்று தார்மோ மாலை வகுப்பில் சேர்ந்தான்.

முதலில் திரையில் ஒரு வாளியை வரைந்தான். மவுஸை அசைத்தால் வாளி நகரும்படி செய்தான். பிறகு பழத்தை விழ வைத்தான். அது வாளிக்குள்ளேயே புகுந்து தரைக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. வாளியில் பட்டதும் பழம் மறைந்து ஒரு புள்ளி ஏறுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிரவுசரில் திறந்தால் எந்தக் கணினியிலும் ஓடும் என்று என்னிடம் பீற்றிக்கொண்டான்.

ஓடத்தான் செய்தது. ஆனால் சிர்க்கா தங்கியிருந்த மருத்துவமனை மறுவாழ்வு வார்டின் புதுக் கணினியில், அவள் மவுஸை நகர்த்துவதற்குள் பழம் தரையில் கிடந்தது. தினமும் இதே கதை. ஒருநாள் மற்ற நோயாளிகளுக்கு எதிரிலேயே தார்மோ கத்தினான்.

"மனசு வெச்சாத்தானே கை வரும்! சோம்பேறி! சதுப்புல இப்படித்தான் பொறுக்கினியா?"

சிர்க்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மறுநாள் வெளியே எடுக்கவே இல்லை.

அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவனே விளையாடிப் பார்த்தான். அவனாலும் பிடிக்க முடியவில்லை. வகுப்பு ஆசிரியைதான் விளக்கினாள்: "புதுசா கத்துக்கிற எல்லாரும் செய்யற தப்புதாங்க. திரை ஒவ்வொரு தடவை மாறும்போதும் பழம் ஒரு படி இறங்கணும்னு எழுதியிருக்கீங்க. அந்தத் திரை உங்க வீட்டுத் திரையைவிட ரெண்டு மடங்கு வேகமா மாறுது. பழமும் அப்படித்தானே விழும்? கடிகாரத்தைப் பார்த்து இறக்குங்க."

சரிசெய்துகொண்டு போய், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினான். காரணம் சொல்லவில்லை. சிர்க்கா பழங்களைப் பிடித்தாள். அன்றிலிருந்து அவளே கேட்டு வாங்கி ஆடினாள்.

"உண்மையைச் சொல்லித் தொலையேண்டா" என்றேன், சவுனா நீராவிக் குளியலில் உட்கார்ந்திருந்தபோது.

"சொன்னா கை மறுபடி போர்வைக்குள்ள போயிடுமோன்னு பயமா இருக்கு."

"கையைப் பத்தியா பயம்? உன் மானத்தைப் பத்தித்தான்."

வெட்கத்தில் அவன் தலை நிமிரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் வார்டுக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் பெண் பந்தைப் பிசைய முடியாமல் அழ, அவள் கணவன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தடவிக்கொடுத்தா வேலைக்காகாதுப்பா, நல்லாத் திட்டு" என்றாள் சிர்க்கா அவனிடம். "நானும் சோம்பேறியாத்தான் கிடந்தேன். இந்தக் கிழவன் திட்டின திட்டுலதான் கை எந்திரிச்சுது."

தார்மோவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. எனக்கே அவனைப் பார்க்கக் கூசியது.

"திட்டாதீங்க" என்றான் அந்த ஆளிடம். பிறகு சிர்க்காவிடம் திரும்பினான். "நீ சோம்பேறி இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். பழம் ரெண்டு மடங்கு வேகத்துல விழுந்துச்சு. என்னாலயே பிடிக்க முடியல."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு உன்கிட்டக் கெஞ்சினப்பவே தெரியும்."

மவுஸிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது. "நான் என் கையையே சபிச்சுக்கிட்டுக் கிடந்தேனே, கிழவா."

"மன்னிச்சுடு" என்றான் தார்மோ. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றாள் சிர்க்கா. "திட்டினப்ப வார்டு முழுக்கக் கேட்டுச்சே."