வெட்டாத அடிக்காம்பு

சாலட் கீரையின் அடிக்காம்பை வெட்டினால் பால் கசியும். வெள்ளையாக வந்து, சற்று நேரத்தில் துருப்பிடித்ததுபோல் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்தால் நேற்றைய கீரை என்று வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் மலேசியாவில் கிள்ளான் பாசாரில் காய்கறிக் கடை போட்ட நாள்முதல், தினமும் காலையில் காம்பைச் சீவித் தள்ளிவிட்டுத்தான் அடுக்குவேன். ஒருநாள் கத்தியோடு என் கையைப் பிடித்து நிறுத்தியவர் வேன் அக்கா.

என் மகள் சிறுமியாக இருந்தபோது அவளைத் தமிழ்ப்பள்ளிக்கு வேனில் ஏற்றிப்போனவர் அவர். கணவர் இறந்தபின் தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நேராக என் கடைக்கு வந்தார். "சிக்னல்ல கண்ணு சொக்கிருச்சு. உங்க மகதான் தோளத் தட்டி, 'ஆன்டி, பச்சை விழுந்திருச்சு'ன்னு எழுப்பினா. ராத்திரி போட்ட மாத்திரை மயக்கம். சொல்லாம இருக்க மனசு வரல," என்றார். அவராகச் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும், "இனி என் பிள்ளை உங்க வேன்ல ஏறாது!" என்று பாசாரே கேட்கக் கத்தினேன்.

"நானும் ஏத்த மாட்டேன். மாத்திரைய விடற வரைக்கும் வேன் வீட்லதான் நிக்கும்," என்றார். மற்றத் தாய்மாரிடமும் அன்றே போய்ச் சொல்லிவிட்டார்.

மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியோ, சாலட் கீரையைக் காம்போடு கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாராம். மறுவாரம் வேன் அக்கா கீரை வாங்க வந்து நின்றார். நான் முகங்கொடுக்காமல் கத்தியை எடுத்தேன். "வெட்டாதீங்க லா, அந்தப் பால்லதான் தூக்கம் இருக்குதாம்," என்று கையைப் பிடித்தார். எத்தனை வருடத் தூக்கத்தைக் குப்பையில் சீவித் தள்ளியிருக்கிறேனோ என்று கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வாரம் இரண்டு முறை வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம், சில நாள் கை நடுக்கம். "நேத்து ரெண்டு மணி நேரம் தூங்கினேன்," என்பார். இன்னொரு நாள், "நேத்து மூணு." பிழைப்புக்குச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாரே தவிர, வேன் சாவியைத் தொடவில்லை. தூங்கவைத்தது கீரையா பிடிவாதமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கீரைக்கு மனதை அமர்த்தும் குணம் உண்டு என்கிறார்கள். விற்கிற நான் இல்லை என்பேனா? ஆனால் அந்த வைராக்கியம் நான் விற்றதல்ல. மாத்திரை முழுதாக நின்று, டாக்டரும் சரி என்ற பிறகே வேன் தெருவில் இறங்கியது. முதல் நாள் என் மகளை நானே ஏற்றிவிட்டேன்.

மகள் இப்போது அரை மணி நேரத் தூரத்தில் சுபாங் ஜெயாவில் தனியாக இருந்து ஷிப்ட் வேலை பார்க்கிறாள். "தூக்கமே வரலம்மா," என்று நேற்று போனில் அழுதாள். இன்று காலை அதை வேன் அக்காவிடம் சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்தேன். பழையபடி கையைப் பிடித்தார்.

"குடுங்க. பிள்ளைங்கள எறக்கியாச்சு, நானே கொண்டு போறேன். அன்னிக்கு என்னை எழுப்பின புள்ள. இன்னிக்கு நான் போய்த் தூங்க வைக்கிறேன்."

காம்பு வெட்டாமல் நான்கு கீரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.